வேப்பிலை கட்டிய ஷிப்ட் வேன்

என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் கட்டி வந்தபோது நாங்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் மணிமங்கலத்துக்கும் நடுவே ஒரு ஊரில் குடியிருந்தோம். ஊருக்கு முன்பக்கம் வயல், பின்பக்கம் கம்பெனி. வயலை விற்றவர்கள் வரிசையாக அறைகளைக் கட்டி, தெற்கேயிருந்து பிழைக்க வந்த எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமான கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். அவர் கார் பாகங்கள் அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். எனக்கு மின்னணுப் பலகைகள் செய்யும் கம்பெனியில், தூசி நுழையக் கூடாத அறையில் வேலை. பலகையைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும். "குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குற பொண்டாட்டி உனக்குத்தாம்ல வாய்ச்சிருக்கா, எங்க வீட்டுல எல்லாம் சும்மாவே செய்றாளுக" என்று அவருடைய கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சிரித்துக்கொண்டிருந்த காலம்தான் அது.

கட்டியைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் வெட்டிப் பார்த்து, நிணநீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றினால் கரைந்துவிடும் வகைதான், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார்கள். நான் முதல் வாக்கியத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டேன். இரண்டாவது வாக்கியம் காதில் ஏறுவதற்குச் சில நாட்கள் ஆயின.

மருந்து செக்கச்செவேலென்று இருக்கும். அது உள்ளே போன அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். எங்களைப் பார்த்துக்கொண்ட டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னைவிட இளையவளாகக்கூட இருக்கலாம். முதல் மருந்து ஏறும்போதே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்த மருந்துக்குக் கட்டி எது, நல்லது எதுன்னு தெரியாதும்மா. வேகமா வளர்ற எதையும் அடிக்கும். முடிய அடிக்கும். வாய்க்குள்ள தோல அடிக்கும். எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்தையும் அடிக்கும். ஏத்தி ஒரு வாரம் ஆச்சுன்னா ரத்தத்துல வெள்ளை அணு அடிமட்டத்துக்கு வந்துடும். அப்புறம் தானா ஏறிடும். ஆனா அந்த நடுவுல இருக்கிற நாள்ல கிருமிய எதிர்க்க உடம்புல ஆள் இருக்காது."

"கேட்டுல செக்யூரிட்டி இல்லாத கம்பெனி மாதிரியா?" என்று கேட்டேன்.

"செக்யூரிட்டி இல்ல, பூட்டும் இல்ல, கேட்டே இல்லம்மா. அந்த நாள்ல காய்ச்சல் வந்தா மாத்திரை போட்டுப் படுக்க வச்சிடாதீங்க. எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டு இங்க கூட்டிட்டு வந்துடணும்."

இது எனக்குப் புரிகிற பாஷை. ஒரு அறைக்குள் தூசி வராமல் எப்படிக் காப்பது என்பதுதான் என் பிழைப்பே. வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஒற்றை அறையைக் கம்பெனி அறையாக்கிவிட்டேன். செருப்பு வெளியே. கை கழுவாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. முகமூடி கட்டாமல் அவர் பக்கத்தில் போகக் கூடாது. பழம் என்றால் தோலுரித்துத் தின்கிற பழம் மட்டும். தண்ணீர் கொதித்து ஆறியது. பார்க்க வந்த கூட்டாளிகளை ஜன்னலோடு பேசி அனுப்பினேன். திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினேன், வாங்கினால் என்ன?

வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா பக்கத்து வாசலில்தான் இருந்தார். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயல் போன பிறகு இரண்டு மாடு மட்டும் வைத்துக்கொண்டு, மகளோடு இருந்தார். நல்ல மனசு, பெரிய வாய். "இன்னாம்மா, மூஞ்ச மூடிகினு கீறியே, எந்த பேங்கு கொள்ளைக்கு?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

முதல் மருந்துக்கும் இரண்டாவது மருந்துக்கும் பிறகு என் வீட்டுக்காரருடைய ரத்தம் டாக்டர் சொன்னபடியே இறங்கியது, சொன்னபடியே ஏறியது. வாயெல்லாம் புண். பல் தேய்த்தால் ரத்தம். தலை மொட்டை, புருவம்கூட இல்லை. ஆனால் காய்ச்சல் வரவில்லை. என் அறைக்குள் எதுவும் நுழையவில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

பங்குனி வெயிலில் அக்காவின் மகளுக்கு அம்மை போட்டது. ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது அக்கா வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. யாரும் வியாதி என்று சொல்ல மாட்டார்கள், எங்கள் பக்கமும் அப்படித்தான். ஆத்தா வந்திருக்கிறாள். வந்தவளை மருந்து ஊசி என்று துரத்தக் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, அவள் இருக்கும் வீட்டை விட்டு வெளியூர் போகக் கூடாது. குளிர வைத்து, கூழ் ஊற்றி, முத்து இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி மரியாதையாக அனுப்பி வைக்க வேண்டும். நான் ஜன்னலைச் சாத்தி, சந்தில் துணி அடைத்து, அந்தப் பக்கம் காற்றுகூட வராமல் பார்த்துக்கொண்டேன். பெண்ணுக்கு முத்து இறங்கி, தண்ணீரும் ஊற்றியாயிற்று. வந்தவள் வந்த வழியே போய்விட்டாள் என்று பெருமூச்சு விட்டேன். அவருக்கு மூன்றாவது மருந்தும் ஏற்றிக் கூட்டி வந்தேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. வேப்பிலை கட்டுவதற்கு முந்தின நாள்வரை, நான் ஷிப்டுக்குப் போனதும் அந்தப் பெண் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து இவரோடு கிரிக்கெட் பார்த்திருக்கிறது. முகமூடியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பாவம், நாலு சுவருக்குள் கிடந்த மனுஷனுக்குப் பேச்சுத் துணை. அந்த அம்மை வெளியே முத்தாகத் தெரிவதற்கு முன்னாலேயே ஆளுக்கு ஆள் ஒட்டும், ஒட்டியபின் இரண்டு மூன்று வாரம் உள்ளே ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் டாக்டர் அப்புறம்தான் சொன்னார்.

மூன்றாவது மருந்து ஏற்றிய மறு வாரம், ரத்தம் அடிமட்டத்துக்கு வந்திருக்க வேண்டிய நாட்கள். முதல் ஷிப்ட் முடிந்து பிற்பகலில் வீட்டுக்கு வந்தேன். அவர் பாயில் படுத்திருந்தார். அந்த வெக்கையில் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், தலையில் துண்டு. அறைக்குள் வேப்பிலை வாசனை. நான் எத்தனையோ ஆயிரம் பலகைகளைப் பார்த்தவள். எனக்குக் குறையைக் காட்ட வேண்டியதில்லை. துண்டை உருவினேன். மொட்டைத் தலையில், பனித்துளி மாதிரி நீர் கோத்து, வரிசையாக முத்து.

"எப்ப இருந்து?"

"முந்தாநாளு ஒண்ணு ரெண்டு தெரிஞ்சுது."

"காய்ச்சல்?"

நெற்றியில் கை வைத்தேன். சுட்டது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஆஸ்பத்திரிக்கு இழுப்ப" என்றார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தார். அவர் முகத்தில் நான் மாதக்கணக்கில் பார்க்காத ஒன்று இருந்தது. சந்தோஷம். "ஏளா, கோவப்படாத. தொட்டுப் பாரு. கட்டியக் காணோம். ஆத்தா எடுத்துக்கிட்டா. இம்புட்டு மருந்து செய்யாதத அவ வந்து செஞ்சிட்டா. உடம்புல இருக்கிற கெட்டத எல்லாம் முத்தா வெளிய தள்ளுதா. இனி அந்தச் செவப்புத் தண்ணி வேண்டாம்."

தொட்டேன். நிஜமாகவே கட்டி இல்லை. மூன்று தரம் மருந்து ஏற்றி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, வாய் வெந்து, கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் கிடந்து கரைத்த கட்டி அது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, பேர் கடைசியில் வந்தவளுக்குப் போய்விட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு மனுஷனிடம், நீ சாகப் போகிறாய், எழுந்திரு என்று எப்படிச் சொல்வது?

சொன்னேன். டாக்டர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். கெஞ்சினேன். கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டார். கையில் இளநீர். அக்காவுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. தலையணைக்கடியில் வேப்பிலை வைத்ததே அவர்தான்.

"இன்னாம்மா இப்டி கத்திகினு கீற? அம்மா வந்துகீற வூட்ல சத்தம் போடலாமா?"

"அக்கா, இவருக்கு ரத்தத்துல வெள்ளை அணுவே இல்லக்கா. தாங்க மாட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்."

"வாய மூடு. ஊசி போட்டா முத்து உள்ள எறங்கிடும். எங்க சித்தப்பாவுக்கு அப்டித்தான் ஊசி போட்டு, கண்ணு பூடுச்சு. என் பொண்ணு இப்பத்தான் எழுந்து நடமாடிகினு கீது. நீ அம்மாவ அவமானப்பட்த்தி அழச்சிகினு போனா, அவ கோவம் யாரு மேல எறங்கும்? என் வூட்டு மேலதானே?" என்னை மிரட்டவில்லை அவர். என்னைப் போலவே பயந்திருந்தார்.

எனக்கு ஆத்தா மேல் நம்பிக்கை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் கன்னத்திலேயே இரண்டு தழும்பு உண்டு. சின்ன வயசில் எனக்குப் போட்டபோது, ஆத்தா கொஞ்சிவிட்டுப் போன இடம் என்று அம்மா சொல்வாள். வேப்பிலை வாசனை வந்தாலே எனக்குக் கை தானாகக் குவியும். அந்த அறையில் நின்றபோதும் குவியத்தான் செய்தது. ஆனால் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. படுத்திருக்கும் மனுஷனுக்கு, மாடி ஏறி வந்தவனைப் போல மூச்சு. முதலில் அந்தக் காய்ச்சல், இப்போது இந்த மூச்சு. இன்றைக்கு விட்டால் நாளைக்கு ஆள் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அந்தப் பொய் வந்தது. யோசித்துச் சொன்னதில்லை, வாயில் தானாக வந்தது.

"ஆஸ்பத்திரி வேண்டாம்க்கா. எங்க பக்கம் அம்மை போட்டவங்கள அம்மன் கோயிலுக்கே கொண்டு போய் அவ காலடியில படுக்க வச்சிடுவோம். தண்ணி ஊத்துற வரைக்கும் அங்கனதான். நான் இவருக்காக நேந்துக்கிட்டேன். மணிமங்கலம் போற வழியில இருக்காளே, ரோட்டோர ஆத்தா, அங்க கொண்டு போய் விடுதேன்."

இதில் பாதி நிஜம். எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கோயில் மண்டபத்தில் அம்மை போட்டவர்கள் படுத்துக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தெற்கத்தி ஆத்தாவின் வழக்கம் அவருக்குத் தெரியாது, தெரியாததை மறுக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. இவர் கண்ணைத் திறந்தார்.

"நெசமா நேந்துக்கிட்டியா?"

"ஆமா."

"எங்க அம்மாவும் என்னைய அப்படித்தான் கோயில்ல போட்டிருந்தா, தட்டம்மை வந்தப்ப" என்று எழுந்து உட்கார்ந்தார். இத்தனை நேரம் கெஞ்சியும் அசையாதவர், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

இரண்டாவது ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய கம்பெனி வேன் டீக்கடையில் நின்றது. டிரைவர் உள்ளூர்க்காரர், எனக்கு நல்ல பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் வைத்தார். ஆத்தா ஏறுகிற வண்டியைச் செருப்புக் காலோடு ஓட்டக் கூடாதாம். அக்கா வண்டிக்கு முன்னாலும் கண்ணாடியிலும் வேப்பிலை கட்டினார், மஞ்சள் தண்ணீர் தெளித்தார், கற்பூரம் காட்டினார். "சாந்தமா போய்ட்டு வா தாயே" என்று வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் தலையில் கை வைத்து, "பயப்படாத, அவ பாத்துக்குவா" என்றார். அந்தக் கைக்கடியில் நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும்.

ரோட்டில் லாரி லாரியாகப் புழுதி. அவர் நடு சீட்டில் என் தோளில் சாய்ந்திருந்தார். சட்டைக்கு மேலேயே சூடு தெரிந்தது. மூச்சுக்கு நடுவே ஊர்க் கோயில் மண்டபத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். கல் தரை எப்படிக் குளிர்ச்சியாக இருக்கும், பூசாரி எப்படி விபூதி போடுவார் என்று. நான் ம், ம் என்றேன்.

கோயில் தூரத்தில் தெரிந்தது. மஞ்சள் சுவர், மேலே தகரக் கொட்டகை, சூலத்தில் சுற்றிய சிவப்புத் துணி. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கைகளைக் குவித்தார். டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தாதீங்க" என்றேன்.

"இன்னாது?"

"நிறுத்தாதீங்கண்ணே. தாம்பரம் வழியா பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

"இன்னாமா சொல்ற? அம்மா வண்டில கீறா. கோயில் வந்துச்சு. நிறுத்தாம எப்டி போறது?"

"நிறுத்தினா எறங்கிடுவாரு. எறங்கினா திரும்ப ஏத்த முடியாது. கேளுங்க, அந்த மூச்சைக் கேளுங்க. என் தாலி உங்க காலுக்கடியில இருக்கு."

வண்டி கிட்டத்தட்ட ஊர்ந்தது. இவர் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார். "நிறுத்தச் சொல்லுளா" என்றார். கத்துவதற்குச் சக்தி இல்லை, முனகலாகத்தான் வந்தது. அந்தக் கையின் மேல் என் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். முத்து உடைந்து என் உள்ளங்கை ஈரமானது. டிரைவர் கோயிலைப் பார்த்தார், கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு வெறுங்காலால் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

இவர் திரும்பி, கோயில் மறையும்வரை பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஆத்தா பேரைச் சொல்லியா பொய் சொன்ன?"

"ஆமா."

"இனி எனக்கு என்ன ஆனாலும் நீதான் காரணம்."

"சரி. என்ன வேணாலும் சொல்லுங்க. மூச்ச விட்டுக்கிட்டே சொல்லுங்க."

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். எங்களை வார்டு வாசலிலேயே மறித்துவிட்டார்கள். அவர் தலையைப் பார்த்ததுமே நர்ஸ் பின்வாங்கினார். உள்ளே படுத்திருக்கிற ஒருவருக்கும் ரத்தத்தில் வெள்ளை அணு கிடையாது, இவரை உள்ளே விட்டால் அத்தனை பேருக்கும் ஆபத்து என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார் ஒருவர். அங்கே கேன்சர்க்காரரைச் சேர்ப்பார்களா என்றார் இன்னொருவர். வீட்டில் ஆஸ்பத்திரி ஆகாது, ஆஸ்பத்திரியில் ஆத்தா ஆகாது. சைக்கிள் ஸ்டாண்டின் நிழலில், சிமென்ட் தரையில் அவரைப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கல் தரை குளிர்ச்சியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தாரே, இதுதானா அது என்று நினைத்து அழுதேன். ஆத்தாவைத் திட்டினேன். அவரைத் திட்டினேன். நர்ஸ் துருவிக் கேட்டபோது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்த அந்தக் கிரிக்கெட்டைக்கூட விடவில்லை.

விஷயம் தெரிந்து, எங்களைப் பார்க்கிற அந்தச் சின்ன வயசு டாக்டர் ஓடி வந்தார். யார் யாரிடமோ சண்டை போட்டார். உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த ஒரு அறையைக் காலி செய்ய வைத்தார். அது வார்டை விட்டுத் தள்ளி, தனிக் கதவோடு இருந்தது. "உங்களுக்கு முன்னாடி அம்மை வந்திருக்கா?" என்று கேட்டார். கன்னத்தைக் காட்டினேன். "அப்ப நீங்க மட்டும் உள்ள இருக்கலாம். வேற யாரும் வரக் கூடாது" என்றார். என் ஆயுசில் அந்தத் தழும்புகள் ஒரு வேலைக்கு ஆனது அன்றைக்குத்தான்.

அம்மைக்கென்றே இருக்கிற மருந்து ஒன்றை நரம்பில் ஏற்றினார்கள். அது கிருமி பெருகுவதைத் தடுக்கும், ஆனால் விரட்டி முடிக்க உடம்பின் ஆட்கள் வர வேண்டும் என்றார் டாக்டர். அந்த ஆட்கள்தான் இல்லையே. தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள். பிற்பகலில் பதில் வரும். "கவுண்ட் இன்னும் ஏறல." மறுநாளும் அதுவே. வெள்ளை மட்டும் இல்லை, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களும் இறங்கிப்போயிருந்தன. அதனால் நீர் கோத்திருந்த முத்துக்களில் ரத்தம் கோத்தது. ஒவ்வொன்றாகக் கறுத்தன. முதுகில், கண் இமையில், நாக்கில். ஊசி குத்திய இடம் கசிந்துகொண்டே இருந்தது. மார்பிலும் அம்மை இறங்கியிருந்ததால் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். காய்ச்சல் வேகத்தில் பிதற்றுவார். ஒரே கேள்விதான்.

"கோயில் வந்துட்டா?"

முகமூடிக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஈரத் துணியால் துடைப்பேன்.

கம்பெனியில் ஒரு பலகை பழுது என்றால் எந்த இடத்தில் ஈயம் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோலை வைத்தால் சரியாகிவிடும். இங்கே பழுது எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எலும்புக்குள். அங்கே எந்தக் கோலும் போகாது, அது தானாக ஊற வேண்டும். ஊறுவதற்கு ஊசி ஒன்று போட்டார்கள். அதற்கும் நாள் பிடிக்கும் என்றார்கள். அதுவரை அவர் தாங்க வேண்டும். அவ்வளவுதான். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கொடுமை ஏதும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் தலை சீவவில்லை. கேண்டீனில் தாளித்த குழம்பைத் தொடவில்லை, மோர்ச்சோறுதான். யாராவது வியாதி என்று சொன்னால் மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் பேரில் பொய் சொல்லி அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவள், அவளுக்குரிய மரியாதையில் ஒன்றையும் குறைக்கவில்லை. நம்பிக்கையா பயமா என்று கேட்டால் எனக்குப் பிரிக்கத் தெரியாது.

மாற்றுத் துணி எடுத்து வர ஒருதரம் வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு டிரைவர் எல்லாம் சொல்லிவிட்டிருந்தார். என்னைத் திட்டித் தீர்ப்பார் என்று குனிந்த தலையோடு நின்றேன். அவர் என் சடை பிடித்த தலையைப் பார்த்தார்.

"சீவலியா?"

"இல்லக்கா."

உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தார். பிறகு, "என் பொண்ணுக்கு மூணாவது தண்ணி ஊத்தறப்ப மிச்சம் வச்ச வேப்பிலைய காய வச்சிருக்கேன். எடுத்துகினு போ. அவருக்கு ஊத்தற அன்னிக்குப் போடு" என்றார். ஊற்றுகிற அன்றைக்கு என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழலாம் போல இருந்தது. அன்றைய தினம் வேறு யாரும் என்னிடம் அப்படி ஒரு நாள் வரும் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு பிற்பகல், பதில் சொல்ல நர்ஸ் வரவில்லை. டாக்டரே வந்தார். நான் எழுந்து நின்றேன். "ஏறுதும்மா" என்றார். "கொஞ்சம்தான். ஆனா ஏற ஆரம்பிச்சிடுச்சு." நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மறுநாளிலிருந்து புதிதாக முத்து வரவில்லை. பழையவை காய்ந்து பொருக்குத் தட்டின. குழாயை எடுத்தார்கள். ஒருநாள் அக்கா கொடுத்த வேப்பிலையைத் தண்ணீரில் போட்டு அந்த அறையிலேயே அவருக்கு உடம்பு துடைத்துவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் போய்விட்டார்.

அவர் பிழைத்தார், ஆனால் என்னோடு பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். முகமெல்லாம் குழி குழியாக, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மருந்து இன்னும் பாக்கி இருந்தது. அளவைக் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கட்டி திரும்பி வரும் என்றார் டாக்டர். இத்தனை பாடுபட்டு ஏற்றிய ரத்தத்தை, நாங்களாகவே வண்டி பிடித்துப் போய், மறுபடி அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். இந்தத் தடவை அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால், மறுத்துப் பேச என்னிடம் பொய்கூட மிச்சம் இல்லை.

மருந்துக்குப் போக வேண்டிய அன்று காலையில் அவரே எழுந்து சட்டை போட்டார். சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"இந்தத் தடவ கோயில்ல நிறுத்துவியா?"

"நிறுத்துதேன்."

"நெசமா?"

"நெசமா."

அதே டிரைவர், அதே வேன். மஞ்சள் சுவர் தெரிந்ததும் யாரும் சொல்லாமலே வண்டி நின்றது. கோயிலில் கூட்டம் இருந்தது. கூட்டத்துக்குள் அவரை விட மாட்டேன் என்று முகமூடியோடு வண்டியிலேயே உட்கார வைத்தேன். அதற்கு அவர் சண்டை போடவில்லை. "நீ போய்ச் சொல்லிட்டு வா. கோவிச்சுக்காம சந்தோசமா போயிட்டு வான்னு சொல்லு" என்றார். நம் வீட்டுக்கு வந்த யாரையும் போ என்று மட்டும் சொல்லி அனுப்ப மாட்டோம் இல்லையா. கடன்காரனுக்குக்கூடப் போய்விட்டு வா என்றுதான் சொல்வோம். ஆத்தாவுக்கு எப்படிச் சொல்லாமல் இருப்பது?

நான் உள்ளே போய் அவள் முன்னால் நின்றேன். எலுமிச்சை மாலை, வேப்பிலை, எண்ணெய்ப் பிசுக்கு. என் கை குவிந்தது. கன்னத் தழும்பு இரண்டும் சுட்டன. கண்ணைத் திறந்து, அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"போ தாயி. நீ போ. வராத."

பூசாரி கையில் விபூதியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, இவர் நெற்றியில் குழிகளுக்கு நடுவே பூசினேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"போயிட்டு வான்னு?"

"போயிட்டு வான்னுதான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி தாம்பரத்தைப் பார்த்துப் போனது. அது நான் ஆத்தா பேரில் சொன்ன இரண்டாவது பொய். இன்றுவரை அவர் அதை நம்பிக்கொண்டிருக்கிறார்.